கவுண்ட் பேஸி அவ்வளவு குறைவாக வாசித்தும் எப்படிப் பெரிய இசைக்குழுத் தலைவரானார்?

கவுண்ட் பேஸியின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் பின்பாதியில், அவர் பியானோவில் ஆங்காங்கே நாலு சுரம் தட்டுகிறார், இசையை எழுதியவர்கள் வேறு ஆட்கள், தனி வாசிப்பில் அசத்தியவர்களும் வேறு ஆட்கள், பிறகு எதற்காக இவரை ஜாஸ் பிக் பேண்டின் (பெரிய ஜாஸ் இசைக்குழுவின்) மாபெரும் தலைவர்களில் ஒருவர் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் மேடைக் குழுக்களில் தாள கிட்டார் வாசித்தவன், இப்போது அதைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டும், அவருடன் வாசித்தவர்கள் சொல்லிப் பதிவானவற்றைப் படித்தும் அறிந்ததே என் அறிவு. ஆகவே பதிவுகளில் காதால் கேட்டு உறுதி செய்யக்கூடியதையும், வாய்வழியாக வந்த கதைகளையும் பிரித்தே சொல்கிறேன்.

வில்லியம் ஜேம்ஸ் பேஸி 1904 ஆகஸ்ட் 21 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் என்ற சிற்றூரில் பிறந்தார். முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் தாயார். சிறுவனுக்கு டிரம்ஸ் மீதுதான் ஆசை. ஆனால் பின்னாளில் டியூக் எலிங்டன் குழுவில் புகழ்பெற்ற சானி கிரீர் அதே வட்டாரத்தில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்ட பிறகு பேஸி பியானோவோடு நின்றுகொண்டார். 1920-களின் முற்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போனபோது, அங்கே ஜேம்ஸ் பி. ஜான்சன் போன்றவர்கள் 'ஸ்ட்ரைட்' என்னும் பாணியை ஆண்டுகொண்டிருந்தார்கள். இடக்கை அடிச்சுரத்துக்கும் நடுச்சுரக் கூட்டுக்கும் இடையே ஓயாமல் தாவித் தாளத்தைக் காக்க, வலக்கை அதன்மேல் விளையாடும் பாணி அது. ஒரே ஆள் ஒரு குழுவின் வேலையைச் செய்யவேண்டிய வாசிப்பு. மௌனப் படங்களுக்கு லிங்கன் தியேட்டரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஃபேட்ஸ் வாலரிடம் பேஸி ஆர்கனையும் கற்றுக்கொண்டார்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அவருக்கு விரல் வேகம் போதாததால் குறைவாக வாசித்தார் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு என்பதற்கு ஒலிச்சான்றே இருக்கிறது. பென்னி மோட்டன் குழுவில் இருந்தபோது, 1932 டிசம்பரில் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் விக்டர் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகளில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற உருப்படியைக் கேளுங்கள். முழு ஸ்ட்ரைட் பாணியில், இரு கைகளும் பறக்க, மூச்சுவிட இடம் தராத வாசிப்பு. ஐந்தே ஆண்டுகள் கழித்து அதே மனிதர் ஒரு சுற்று முழுவதற்கும் பத்துப் பதினைந்து சுரங்களோடு திருப்தி அடைகிறார். இடையில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

நடந்தது கான்சஸ் சிட்டி. ஊர் ஊராகப் போகும் நாடக, நகைச்சுவைக் குழு ஒன்றோடு சென்ற பேஸி, 1927 வாக்கில் அந்தக் குழு கலைந்துபோனதால் அங்கே மாட்டிக்கொண்டார். மௌனப் படக் கொட்டகையில் வாசித்துப் பிழைத்தார். 1928-ல் வால்டர் பேஜ் நடத்திய 'புளூ டெவில்ஸ்' குழுவிலும், 1929 முதல் அந்த நகரின் முதன்மைக் குழுவான பென்னி மோட்டன் குழுவிலும் சேர்ந்தார். பெரும் பொருளாதார மந்தத்தில் நாடெங்கும் இசைக்குழுக்கள் மூடிக்கொண்டிருந்தபோது, டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் முதலாளியின் பிடியில் இருந்த கான்சஸ் சிட்டியில் மட்டும் கேளிக்கை விடுதிகள் விடியவிடியத் திறந்திருந்தன. சட்டமீறலின் நிழலில் வளர்ந்த செழிப்புதான். ஆனாலும் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு இரவு முழுக்க வேலையும், வேலை முடிந்த பிறகு ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்க்கும் களமும் கிடைத்தன. நடனமாடுவோர் களைக்கும்வரை ஒரே உருப்படியை நீட்டிக்க வேண்டும். அதற்கு எழுதிவைத்த தாள் உதவாது. 12 அளவுகள் (நான்கு தட்டுகள் சேர்ந்தது ஓர் அளவு) கொண்ட புளூஸ் சுற்றை ஆவர்த்தனம் போலத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒருவர் தனியாக வாசிக்கும்போது பின்னால் இருக்கும் ஊதுகருவிக்காரர்கள் சிறு இசைத்துணுக்கு ஒன்றை அங்கேயே உருவாக்கித் திருப்பித் திருப்பி ஊதுவார்கள். அதற்கு 'ரிஃப்' என்று பெயர். டிரம்பெட்காரர்கள் ஒன்று, சாக்ஸபோன்காரர்கள் அதற்கு எதிரொலியாக இன்னொன்று, டிராம்போன்காரர்கள் மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போனால் முழு உருப்படியும் தாளில் ஒரு கோடு இல்லாமலே நிமிர்ந்து நிற்கும்.

1935 ஏப்ரலில் டான்சில் அறுவைச் சிகிச்சையின்போது மோட்டன் இறந்துபோனார். அதன் பிறகு பேஸி, ரீனோ கிளப் என்ற சிறிய விடுதியில் ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்தினார். மோட்டன் குழுவிலும் புளூ டெவில்ஸிலும் இருந்தவர்களே அதில் பெரும்பாலோர். அங்கிருந்து W9XBY என்ற நிலையத்தின் வழியாக ஒலிபரப்பு நடந்தது. 1936 தொடக்கத்தில் சிகாகோவில் தன் கார் வானொலியில் இதைத் தற்செயலாகக் கேட்ட ஜான் ஹாமண்ட் என்ற விமர்சகரும் பதிவுத் தயாரிப்பாளருமானவர், நேரில் வந்து பார்த்துவிட்டு, குழுவை வெளியே கொண்டுவர முனைந்தார். அதற்குள் டெக்கா என்ற பதிவு நிறுவனத்தின் ஆள் முந்திக்கொண்டார். 24 இசைத்தட்டுப் பக்கங்கள் பதிவு செய்ய மொத்தம் 750 டாலர், ராயல்டி கிடையாது. 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' போன்ற, உலகெங்கும் விற்ற பதிவுகள் இந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் வெளிவந்தன. அந்தக் காலத்துக் கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பு எப்படிச் சுரண்டப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இங்கே சில கதைகளைத் தனியே வைக்கவேண்டும். 'கவுண்ட்' என்ற பட்டம் எப்படி வந்தது என்பதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு. வானொலி அறிவிப்பாளர் ஒருவர், டியூக் எலிங்டன் இருக்கிறார், ஏர்ல் ஹைன்ஸ் இருக்கிறார், டியூக், ஏர்ல் இரண்டுமே பிரபுப் பட்டங்கள், இவரும் ஒரு பிரபுவாக இருக்கட்டுமே என்று சூட்டினார் என்பது பிரபலமான கதை. 1920-களிலேயே தாமே அப்படி அட்டை அச்சடித்துக்கொண்டதாகப் பேஸி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மோட்டன் கிண்டலாக அழைத்தது நிலைத்துவிட்டது என்பது மூன்றாவது. எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதேபோல் 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' என்ற பெயர், உருப்படியின் முந்தைய கொச்சைப் பெயரை வானொலியில் சொல்ல முடியாததால், அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து வைத்தது என்பார்கள். நம்பத்தக்கதுதான், ஆனால் சொன்னவர்களின் நினைவைத் தவிர ஆதாரமில்லை. உறுதியானது ஒன்றுண்டு. அந்த உருப்படியின் ஆசிரியராகப் பேஸியின் பெயரே பதிவாகியுள்ளது, ஆனால் அதன் ரிஃப்களில் பஸ்டர் ஸ்மித், எடி டர்ஹாம் உள்ளிட்ட குழுவினரின் கை இருக்கிறது. கூட்டாக விளைந்த இசையின் உரிமை தலைவர் பெயருக்குப் போவது அந்தக் காலத்து வழக்கம். வழக்கம் என்பதால் நியாயமாகிவிடாது. பேஸி மீது எனக்குள்ள மதிப்பில் இதை மறைக்க விரும்பவில்லை.

இனி இசைக்கு வருவோம். 1937 மார்ச்சில் ஃபிரெடி கிரீன் கிட்டாருடன் வந்து சேர்ந்ததும் பேஸியின் தாளப் பிரிவு முழுமை பெற்றது: பியானோவில் பேஸி, டபுள் பாஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கிட்டாரில் கிரீன். பேஜ் தம் முன்னாள் ஊழியரின் குழுவில் இப்போது ஊழியராக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் நான்கு தட்டுகளுக்கும் நான்கு சுரங்கள் என்று நடந்துகொண்டே இருப்பார். ஜோன்ஸ் அதுவரை பெரிய முரசில் காலால் இடித்துக் காட்டப்பட்ட தாளத்தை ஹை-ஹாட் எனப்படும் இரட்டைச் சிம்பலுக்கு மாற்றினார். இடி குறைந்து ஓட்டம் வந்தது. கிரீன் ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில், கம்பிகளைப் பலகையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு என்று வாசித்தார். தனி வாசிப்பு அநேகமாக இல்லவே இல்லை. கூர்ந்து கேட்டால், அவர் விரல்கள் முழுக் கூட்டுச் சுரத்தைப் பிடித்திருந்தாலும் நமக்கு எட்டுவது நடுக் கம்பிகளின் ஒன்றிரண்டு சுரங்களே என்பது தெரியும். மற்றக் கம்பிகள் விரல்பட்டு அமுங்கியிருக்கும். அவர் எத்தனை சுரம் ஒலிக்கவிட்டார் என்பதில் கிட்டார்காரர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. டபுள் பாஸின் சுரத்துக்கு ஒரு விளிம்பையும், ஹை-ஹாட்டின் உலோக ஓசைக்கு ஒரு சுருதியையும் அவர் கிட்டார் கொடுத்தது என்பதில் வேறுபாடு இல்லை. மாணவர்களை இதை வாசிக்கச் சொன்னால் முதலில் இது என்ன பெரிது என்பார்கள். மூன்று நிமிடம் வேகம் கூடாமல் குறையாமல் வாசிக்க வைத்தால் புரிந்துகொள்வார்கள்.

இப்படி மூவர் தாளத்தையும் அடிச்சுரத்தையும் கூட்டுச் சுரத்தையும் தாங்கிவிட்ட பிறகு, பியானோவின் இடக்கைக்கு அங்கே வேலை இல்லை. ஸ்ட்ரைட் வாசித்தால் பேஜின் வழியில் குறுக்கே நிற்பதாகும். பேஸி இடக்கையை எடுத்துவிட்டார். தாம் இளமை முழுக்க உழைத்துச் சேர்த்த திறமையை, குழு நன்றாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக ஓரமாக வைத்தார். மேடையில் கைதட்டலுக்கு ஏங்கும் மனித இயல்பை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். அவர் விட்ட இடைவெளியில்தான் மற்ற மூவரையும் நாம் கேட்கிறோம். ஒற்றைச் சுரம் வந்து விழும்போது அது எங்கே விழுகிறது என்பது முக்கியமாகிவிடுகிறது.

1937 ஜூலையில் பதிவான 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்'பை இந்தக் கண்ணோடு கேளுங்கள். முதலில் தாளப் பிரிவோடு பேஸி மட்டும் புளூஸ் சுற்றை வாசிக்கிறார். பிறகு சுருதி மாறுகிறது. டெனர் சாக்ஸபோனில் ஹெர்ஷல் எவன்ஸ், கனத்த, நெஞ்சை நிறைக்கும் தொனியில் ஒரு சுற்று. டிராம்போனில் ஜார்ஜ் ஹண்ட் ஒரு சுற்று. அடுத்து அதே டெனர் சாக்ஸபோனில் லெஸ்டர் யங், எடையே இல்லாத தொனியில், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்தபடி ஒரு சுற்று. பிறகு பக் கிளேட்டனின் டிரம்பெட். அதற்குப் பின் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, தாளப் பிரிவு மட்டும் நடக்க, பேஸி துளித்துளியாக விடுகிறார். கடைசியில் ரிஃப்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மூன்றே நிமிடத்துக்குள் இத்தனையும். இரண்டு டெனர்களையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் டிராம்போனை வைத்ததால், இருவருக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. எதிரெதிர் இயல்புள்ள இருவரை ஒரே குழுவில் வைத்துக்கொண்டு, ஒருவரைப்போல் மற்றவரை வாசிக்கச் சொல்லாமல், அந்த வேறுபாட்டையே குழுவின் அடையாளமாக்கியது தலைவரின் வேலை. இரண்டு டெனர்களைப் போட்டியாக நிறுத்துவது பிறகு பல குழுக்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

நியூயார்க் அவர்களை உடனே ஏற்கவில்லை. 1936 இறுதியில் சிகாகோவின் கிராண்ட் டெரஸிலும், பிறகு நியூயார்க்கின் ரோஸ்லாண்ட் நடன அரங்கிலும் வாசித்தபோது, அவசரமாகப் பெரிதாக்கப்பட்ட குழுவில் சுருதி சேரவில்லை என்று விமர்சகர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். சிகாகோவில் தடுமாறியபோது ஃபிளெட்சர் ஹெண்டர்சன் தம் குழுவின் இசைத்தாள்களைத் தந்து உதவினார். போட்டிக் குழுவின் தலைவர் செய்த இந்த உதவியைப் பேஸி கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார். 1938 கோடையில் 52-ம் தெருவின் 'ஃபேமஸ் டோர்' என்ற மிகச் சிறிய விடுதியில், குழுவின் முகவர்கள் குளிர்சாதன வசதிக்குப் பணம் ஏற்பாடு செய்து கொடுத்த பிறகு, அவர்கள் வாசித்தது நாடு முழுக்க வானொலியில் ஒலித்தது. பேஸி நிலைபெற்றது அப்போதுதான். ஜிம்மி ரஷிங் பாடிக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்புவரை ஏறத்தாழ ஓராண்டு பில்லி ஹாலிடேயும் பாடினார். ஆனால் அவர் வேறு பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் அந்தக் கூட்டணியில் வானொலிப் பதிவுகள் மட்டுமே மிஞ்சின.

1939 பிப்ரவரியில் ஹெர்ஷல் எவன்ஸ் இதய நோயால் இறந்தார். 1940 டிசம்பரில் லெஸ்டர் யங் விலகினார். பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பதிவுக்கு வர மறுத்ததால் நீக்கப்பட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. யங்கின் தரப்பு அப்போதே மறுத்த கதை அது; நான் நம்பவில்லை. போர், ஆள்சேர்ப்பு, மாறிய ரசனை, பெருகிய செலவு எல்லாம் சேர்ந்து பெரிய குழுக்களை வீழ்த்தின. 1950-ல் பேஸியும் குழுவைக் கலைத்துவிட்டுச் சிறு குழுவோடு வாசித்தார். அந்தச் சிறு குழுவுக்கு ஃபிரெடி கிரீனை முதலில் அழைக்கவில்லை என்றும், அவர் தாமாகவே ஒருநாள் கிட்டாரோடு வந்து உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். நடந்த விதம் எப்படியோ, அவர் திரும்பி வந்தார், பிறகு போகவே இல்லை.

1952-ல் பேஸி மீண்டும் பெரிய குழுவை அமைத்தார். இது வேறு வகைக் குழு. எல்லாம் எழுதப்பட்ட இசை. நீல் ஹெஃப்டி, எர்னி வில்கின்ஸ், ஃபிராங்க் ஃபாஸ்டர், தாட் ஜோன்ஸ் ஆகியோர் எழுதினார்கள், பதினாறு பேர் ஒரே மூச்சாக வாசித்தார்கள். பழைய குழுவின் சுதந்திரம் இதில் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. தனி வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் நானும் 1930-களின் குழுவையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் தலைவர் என்ன செய்கிறார் என்ற உங்கள் கேள்விக்கு இந்த இரண்டாம் குழுதான் நல்ல சான்று. ஏனென்றால் இங்கே இசை வேறொருவர் எழுதியது என்பது வெளிப்படை. அப்படியிருந்தும் நாலு அளவுகளுக்குள் அது பேஸியின் குழு என்று தெரிந்துவிடுகிறது.

எப்படி என்றால், அவர் வெட்டினார். எழுதி வந்த தாளில் நெரிசலான பகுதிகளை நீக்கச் சொல்வார் என்று அவருக்கு எழுதியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். வேகத்தை அவரே முடிவு செய்தார். மேடையில் கையசைத்துத் தொடங்குவதற்குப் பதில், பியானோவும் தாளப் பிரிவும் மட்டும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ வாசித்து, வேகம் கால்களுக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே ஊதுகருவிகளுக்குக் கண்ணால் குறிப்புக் கொடுப்பார். ஹெஃப்டி எழுதிய 'லில் டார்லின்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹெஃப்டி அதை இன்னும் விரைவாக ஓடும் உருப்படியாகவே எண்ணியிருந்தார். பேஸி வேகத்தை வெகுவாகக் குறைத்தார். 1957-ல் பதிவான வடிவத்தில், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குழு விழுந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் போகிறது, ஆனால் ஒரு தட்டுகூடத் தளரவில்லை. அந்த வேகத்தில் பதினாறு பேரைச் சேர்த்து வைப்பது, வேகமான உருப்படியை வாசிப்பதைவிடப் பல மடங்கு கடினம். தாளில் ஒரு சுரம்கூட மாறாமல் உருப்படியின் இயல்பே மாறிவிட்டது. இன்று யாரும் அதை ஹெஃப்டி முதலில் எண்ணிய வேகத்தில் வாசிப்பதில்லை.

1955-ல் பதிவான 'ஏப்ரல் இன் பாரிஸ்' இன்னொன்று. குழு வாசிப்பதற்கு ஏற்ப அதை ஒழுங்கமைத்து எழுதியவர் வைல்ட் பில் டேவிஸ். உருப்படி முடிந்தது என்று நாம் நினைக்கும் இடத்தில் பேஸியின் குரல் 'ஒன் மோர் டைம்' என்கிறது. குழு முடிவை மறுபடி வாசிக்கிறது. அடுத்து 'ஒன் மோர் ஒன்ஸ்' என்கிறார், இன்னொரு முறை. பியானோவில் அவர் செய்தது மிகக் கொஞ்சம், ஆனால் மக்கள் நினைவில் நின்றது அந்தக் குரல். அதே ஆண்டில் ஜோ வில்லியம்ஸ் பாடிய 'எவ்ரி டே ஐ ஹேவ் த புளூஸ்' பெரும் வெற்றி பெற்றது. 1959-ல் நடந்த முதல் கிராமி விழாவில் பேஸி இரண்டு விருதுகள் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க ஆண் அவர்தான். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் அன்றே பெற்றார். 1960-களில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவோடு செய்த பதிவுகள் பணமும் புகழும் தந்தன. குயின்சி ஜோன்ஸ் ஒழுங்கமைத்தவை அவற்றில் நன்றாக இருக்கின்றன. அந்தப் பத்தாண்டில் காலத்துக்கு ஏற்பச் செய்யப்பட்ட வேறு சில தொகுப்புகளைக் கேட்காவிட்டால் ஒன்றும் இழப்பில்லை.

1976-ல் மாரடைப்பு வந்தது. மீண்டும் மேடைக்கு வந்தார், பின்னாளில் மின்சார நாற்காலி வண்டியில் ஏறி வந்து பியானோ முன் அமர்ந்தார். 1984 ஏப்ரல் 26 அன்று கணையப் புற்றுநோயால் ஃபுளோரிடாவில் இறந்தார். குழு கலையவில்லை. தாட் ஜோன்ஸும் பிறகு ஃபிராங்க் ஃபாஸ்டரும் அதை நடத்தினார்கள். ஃபிரெடி கிரீன் 1987 மார்ச்சில் தாம் இறக்கும்வரை, சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயிலும், அதே நாற்காலியில் இருந்தார். குழு இன்றும் பேஸியின் பெயரில் வாசிக்கிறது. ஆனால் அவர் இல்லாத பேஸி குழுவில் அந்தத் தயக்கமில்லாத மௌனங்கள் எனக்குக் கிடைப்பதில்லை. இது என் காதின் தீர்ப்பு மட்டுமே, மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1936-ல் 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்ற பெயரில் ஐந்து பேர் வாசித்த 'ஷூ ஷைன் பாய்', 'லேடி பி குட்' இரண்டிலும் தொடங்குங்கள். டெக்கா ஒப்பந்தத்தால் பேஸியின் பெயரைப் போட முடியாமல், ஜோ ஜோன்ஸ், டிரம்பெட்காரர் கார்ல் ஸ்மித் ஆகியோரின் பெயரில் வெளியிட்டவை இவை. பதிவான மாதம் அக்டோபரா நவம்பரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் லெஸ்டர் யங்கின் முதல் பதிவுகள் என்பதில் இல்லை. அடுத்து 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்', 1938-ன் 'ஜம்பிங் அட் த வுட்சைட்', பிறகு 'லில் டார்லின்'. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், அதில் வால்டர் பேஜின் பாஸும் கிரீனின் கிட்டாரும் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோனில், முதல் முறை பியானோவைக் கவனிக்காமல் கிட்டாரை மட்டும் தேடிப் பிடியுங்கள். கிடைத்த பிறகு இரண்டாம் முறை பியானோவைக் கேட்டால், பேஸி எந்தெந்த இடத்தில் வாசிக்காமல் விட்டார் என்பது உங்களுக்கே கேட்கத் தொடங்கும்.